பாலக்காட்டு எல்லையிலிருந்து பி.எஸ்சி. எம்.எல்.டி.: சேர்க்கை முதல் இன்டர்ன்ஷிப் வரை முழு வழிகாட்டி

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி பக்கம் தமிழில் ப்ளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்சி. எம்.எல்.டி. (மெடிக்கல் லேபரட்டரி டெக்னாலஜி) என்ற லேப் படிப்புக்குப் போக நினைப்பவர்களுக்காக இது. ஒரு பக்கம் கோவை, மறுபக்கம் பாலக்காடும் திருச்சூரும். இரண்டுக்கும் பஸ் இருப்பதால் எங்கே சேர்வது என்ற குழப்பமே முதலில் வரும். அதை முடித்துவிட்டு லேப் மேசைக்குப் போவோம். இந்தப் படிப்பின் பெரும்பகுதி மேசையில்தான் இருக்கிறது. அதிலும் மெஷினுக்குள் சாம்பிள் போவதற்கு முந்தைய பத்து நிமிடத்தில்தான் அதிகத் தப்பு நடக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியும் அங்கேதான் அதிக நேரம் நிற்கும்.

எந்தப் பக்கம் சேர்வது

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் சென்னை கிண்டியிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். அங்கே மூன்று ஆண்டுப் படிப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். கேரளக் கல்லூரிகள் 2010இல் தொடங்கிய கேரள சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். அதன் தலைமையகம் திருச்சூர் முளங்குன்னத்துக்காவில், அங்கேயும் நான்கு ஆண்டுக் கணக்குதான். கேரளத்தில் பாராமெடிக்கல் டிகிரிக்கான அலாட்மென்டை எல்பிஎஸ் சென்டர் நடத்துகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும்.

மார்க்கைப் பார்க்கும் முன் இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள். முதலாவது நேட்டிவிட்டி. வீடு கேரளத்தில், பள்ளி தமிழ்நாட்டில் (அல்லது நேர்மாறாக) என்று இருப்பவர்கள் எல்லையில் ஏராளம். அரசு ஒதுக்கீட்டில் யார் உள்ளூர்க்காரர் என்பதை இரு மாநிலங்களும் தனித்தனியாகத்தான் வரையறுக்கின்றன. அந்த வருட பிராஸ்பெக்டஸில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள், வில்லேஜ் ஆபீஸ் சான்றிதழை ரிசல்ட் வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். இரண்டாவது, பிறகு எங்கே வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பது. கேரள அரசு வேலைக்கு, அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (PSC) லேப் டெக்னீஷியன் தேர்வு உட்பட, கேரள பாராமெடிக்கல் கவுன்சில் பதிவு கேட்பார்கள். நீங்கள் சேரும் கல்லூரியின் பட்டத்தை அந்தக் கவுன்சில் ஏற்குமா என்று ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள், கட்டியபின் கேட்டுப் பயனில்லை. நாடு முழுக்க ஒரே ஒழுங்குக்காக 2021இல் துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. ஆனாலும் கவுன்சில் பதிவு எண்ணைத்தான் இன்றும் ஆஸ்பத்திரி கேட்கிறது.

கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். எத்தனை மாணவருக்கு ஒரு மைக்ராஸ்கோப், கூடவே எத்தனை படுக்கை ஆஸ்பத்திரி, தினம் எத்தனை சாம்பிள் வருகிறது என்று கேளுங்கள். சாம்பிள் வராத லேபில் நான்கு வருடம் உட்கார்ந்தாலும் கை பழகாது. டிப்ளமோ போதுமே என்பார்கள். மேசை வேலைக்குப் போதும். சூப்பர்வைசர், குவாலிட்டி மேனேஜர், எம்.எஸ்சி. என்று மேலே போக நினைத்தால் டிகிரியே நல்லது.

பெயர், மொழி, அடையாளம்

எல்லை ஆஸ்பத்திரிகளில் அதிகம் நடக்கும் தப்பு, சாம்பிள் மாறிப்போவது. இது எந்தப் பாடத்திட்டத்திலும் விரிவாக இருக்காது. தமிழ் வழக்கில் இனிஷியல் முன்னால் வரும்: எம். செல்வி. கேரள வழக்கில் பின்னால்: செல்வி எம். கம்ப்யூட்டரில் ஒருவர் முதல் விதமாகவும் இன்னொருவர் இரண்டாம் விதமாகவும் ஏற்றினால் ஒரே ஆள் இரண்டு ஆளாவார், அல்லது இரண்டு செல்வி ஒரே ஆளாவார்கள். அதனால் பெயரோடு ஓபி நம்பரோ பிறந்த தேதியோ சேர்த்து, எப்போதும் இரண்டு அடையாளம் பாருங்கள்.

"நீங்கதானே செல்வி?" என்று கேட்கவே கூடாது. வயதானவர்கள் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார்கள். "அம்மா, உங்க பேரு என்ன?" என்று கேட்டு, அவர் வாயிலிருந்தே வரவையுங்கள். மலையாளம் பேசுபவரிடம் "பேரெந்தா? வயசெத்ர?" லேபிளை ரத்தம் எடுத்தபிறகு, ஆள் முன்னாலேயே, டியூபில் ஒட்டுங்கள். முன்கூட்டியே ஒட்டிய பத்து டியூபை ட்ரேயில் அடுக்கிக்கொண்டு வார்டுக்குப் போவது வேகமாகத் தெரியும். சாம்பிள் மாறுவது பெரும்பாலும் அந்த ட்ரேயில்தான்.

ஃபாஸ்டிங் கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மலையாளத்தில் "எந்தெங்கிலும் கழிச்சோ?" என்றால் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று பொருள். கேரள லேபில் பழகிய வாயோடு அதே கேள்வியைத் தமிழ்ப் பாட்டியிடம் கேட்டால், வயிற்றுப்போக்கு இருக்கிறதா என்று விசாரிப்பதாக நினைத்து "இல்லப்பா" என்பார். காலையில் சாப்பிட்ட நாலு இட்லி உங்கள் கணக்கில் வராமல் போகும். அதேபோல "வெள்ளம்" என்றால் அங்கே குடிக்கும் தண்ணீர். தமிழரிடம் "வெறும் வயித்துலதானே வந்தீங்க? காபி, டீ?" என்று டீயைத் தனியாகக் கேளுங்கள். டீயைச் சாப்பாடாக யாருமே எண்ணுவதில்லை. "தலகறக்கம்" என்ற சொல் காதில் விழுந்தால் ஊசியை வெளியே எடுத்துவிட்டு ஆளைப் படுக்க வையுங்கள், மயக்கம் வருகிறது.

ரத்தம் எடுப்பது: டியூப் வரிசை

வரிசையை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்யுங்கள். முதலில் பிளட் கல்சர், பிறகு நீல மூடி சிட்ரேட், சிவப்பு அல்லது மஞ்சள் சீரம் டியூப், பச்சை ஹெப்பாரின், ஊதா இடிடிஏ, கடைசியில் சாம்பல் ஃப்ளூரைடு. எடுத்ததும் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்: சிட்ரேட் 3–4 தடவை, சீரம் டியூப் 5, இடிடிஏ 8–10. குலுக்கினால் செல் உடையும்.

வரிசை மாறினால் என்ன ஆகும்? ஊதா டியூபில் இருப்பது பொட்டாசியம் உப்பாக உள்ள இடிடிஏ, ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள். அதில் ஒரு துளி சீரம் டியூபுக்குப் போனாலும் பொட்டாசியம் எகிறும். இடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் கால்சியம் சரியும், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவும் இறங்கும். பொட்டாசியம் 8, கால்சியம் 5 என்று ரிப்போர்ட் வந்து, ஆளோ வராந்தாவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தால் சந்தேகத்தை டியூப் மேல் திருப்புங்கள். ஊதா டியூபில் அதிகமாக எடுத்ததைச் சிவப்பில் ஊற்றிச் சமாளிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இந்த எண்கள் அப்படித்தான் பிறக்கின்றன.

டூர்னிக்கெட் (நரம்பு எழும்பக் கட்டும் பட்டை) ஒரு நிமிடத்துக்கு மேல் கையில் இருக்கக் கூடாது. கையைத் திரும்பத் திரும்ப மூடித் திறக்கச் சொன்னால் பொட்டாசியம் ஏறும். நீல டியூபில் சிட்ரேட் ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு. கோட்டுக்குக் கீழே நின்றால் சிட்ரேட் மிச்சமாகி, ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பிடி, ஏபிடிடி நீளும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் என்றால் அந்தப் பொய் எண்ணை நம்பி டாக்டர் டோஸைக் குறைத்துவிடுவார். எனவே கோடு வரை நிரம்பாத நீல டியூபைத் திருப்பி அனுப்புங்கள், சீனியர் முறைத்தாலும்.

சீரம் உறைய 30 நிமிடம் கொடுத்துவிட்டு சென்ட்ரிஃபியூஜில் போடுங்கள். அவசரப்பட்டால் சீரத்தில் ஃபைப்ரின் நூல் மிதந்து அனலைசர் ஊசியை அடைக்கும். ஊர்ப்புற கலெக்‌ஷன் சென்டரில் எடுத்துப் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5–7 சதவீதம் குறையும். வேலந்தாவளத்தில் காலை ஏழு மணிக்கு எடுத்தது பத்து மணிக்கு லேப் வந்து சேர்ந்தால் 126 இருந்த சர்க்கரை 105 பக்கம் வந்து நிற்கலாம்.

ஸ்மியர்: கை பழகும் இடம்

ஒரு மாணவர் லேபில் உண்மையாக வேலை செய்தாரா என்பதை எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஸ்மியரை (ஸ்லைடில் மெல்லியதாகப் பரப்பிய ரத்தத்தை) பார்த்தே சொல்லிவிடுவார். ஸ்லைடின் ஒரு ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி 2–3 மில்லிமீட்டர் அகலத் துளி வையுங்கள். ஓரம் மழமழவென்றிருக்கும் ஸ்ப்ரெடரை 30–45 டிகிரி சாய்த்து, துளிக்குப் பின்புறமாக இழுத்துத் தொடுங்கள். ரத்தம் விளிம்பு முழுக்க ஓடும்வரை ஒரு கணம் பொறுத்து, ஒரே இழுப்பில் முன்னே தள்ளுங்கள். அழுத்தக் கூடாது, நடுவில் நிறுத்தவும் கூடாது. முடிந்ததும் ஸ்லைடில் மூன்றில் இரண்டு பங்கு நீளம், நாக்கு வடிவம், நுனியில் இறகு போன்ற மெல்லிய முடிவு இருக்க வேண்டும்.

தப்புகளைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். படிக்கட்டு போல் வரிவரியாக இருந்தால் கை நடுங்கியது அல்லது தயங்கியது. வால் நூல்நூலாகப் பிரிந்தால் ஸ்ப்ரெடர் ஓரம் உடைந்திருக்கிறது அல்லது அழுக்கு. ஓட்டை ஓட்டையாக இருந்தால் ஸ்லைடில் எண்ணெய்ப் பசை. சோகை உள்ளவரின் ரத்தம் தண்ணீராக ஓடும், அதற்குக் கோணத்தைக் கூட்டி வேகமாகத் தள்ள வேண்டும். கெட்டி ரத்தத்துக்குக் கோணத்தைக் குறைத்து மெதுவாகத் தள்ளுங்கள். இடிடிஏ ரத்தமென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்மியர் போடுங்கள். தாமதித்தால் சிவப்பணு முள்முள்ளாகும், நியூட்ரோஃபிலில் ஓட்டை விழும், இல்லாத நோயை எழுதிவைப்பீர்கள்.

லீஷ்மன் ஸ்டெய்ன் (செல்லுக்கு நிறமேற்றும் கரைசல்) போட, காய்ந்த ஸ்மியரை ஸ்டெய்னால் மூடி 2 நிமிடம். பிறகு அதன் இருமடங்கு பஃபர், பிஹெச் 6.8, ஊற்றி, வாயால் ஊதியோ டிராப்பரால் உறிஞ்சி விட்டோ கலந்து 8–10 நிமிடம். கழுவும்போது ஸ்டெய்னைக் கவிழ்த்துக் கொட்டாதீர்கள். ஸ்லைடு மட்டமாக இருக்கும்போதே மேலே தண்ணீர் விட்டு மிதக்கவைத்து வெளியேற்றுங்கள். கொட்டினால் மேலே மினுங்கும் படலம் அப்படியே ஸ்மியரில் படிந்து, மைக்ராஸ்கோப்பில் பிளேட்லெட் போலவே தெரியும்.

எல்லாம் நீலமாக இருந்தால் பஃபர் காரமாகிவிட்டது, ஸ்மியர் தடிமன், அல்லது கழுவியது போதவில்லை. எல்லாம் வெளிறிய ரோஸ் என்றால் பஃபர் அமிலம், அல்லது அதிகம் கழுவிவிட்டீர்கள். பஃபருக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் லேபுகள் உண்டு. கிழக்குப் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்புக்கு நிறம் தினமும் ஒரு மாதிரி வரும்.

பாலக்காட்டின் பருவமும் ஸ்லைடில் தெரியும். ஜூன், ஜூலையில் தென்மேற்கு மழை பிடித்தால் காற்றில் ஈரம் நிற்கும். ஸ்மியர் மெதுவாகக் காயும், ஸ்டெய்னிலுள்ள மெத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். விளைவு, சிவப்பணுவுக்குள் கண்ணாடி போல் மின்னும் ஓட்டைகள். புதிதாகப் பார்ப்பவர் இதை மலேரியா என்றுகூட எழுதுவார். ஃபோகஸ் திருகை லேசாக ஏற்றி இறக்குங்கள். பளிச்சென்று மின்னி மறைந்தால் ஈரத்தின் வேலை, ஒட்டுண்ணி அப்படி மின்னாது. மழைக்காலத்தில் ஸ்மியரைப் போட்ட உடனே ஃபேனுக்கு அடியில் காயவையுங்கள், ஸ்டெய்ன் பாட்டிலை இறுக மூடுங்கள். டிசம்பர் தாண்டிக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கினால் நேரெதிர்த் தொல்லை: ஸ்டெய்ன் ஸ்லைடிலேயே வற்றிப் படிவம் விழும், தூசியும் சேரும். ஜன்னலைச் சாத்தி, ஸ்டெய்ன் நேரத்தில் ஸ்லைடு மேல் பெட்ரி டிஷ் மூடியைக் கவிழ்த்து வையுங்கள்.

எண்ணுவதும் அளப்பதும்

அனலைசர் இருக்கும்போது நியூபவர் சேம்பர் (மைக்ராஸ்கோப்பில் செல் எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடி) எதற்கு என்பார்கள். மெஷின் பொய் சொல்லும்போது பிடிக்க வேறு வழியில்லை என்பதற்காக. வெள்ளணுவுக்கு 1:20 நீர்த்து, நான்கு மூலைப் பெரிய சதுரங்களை எண்ணி, மொத்தத்தை 50ஆல் பெருக்குங்கள். 148 வந்தால் 7,400. அந்த 50 எங்கிருந்து வந்தது என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள்: நான்கு சதுர மில்லிமீட்டர் பரப்பு, 0.1 மில்லிமீட்டர் ஆழம், ஆக 0.4 கன மில்லிமீட்டர். 20ஐ 0.4ஆல் வகுத்தால் 50. கோட்டின் மேல் உட்கார்ந்த செல்லில் இரண்டு பக்கத்துக் கோடுகளை மட்டும் சேர்த்து, மற்ற இரண்டை விடுங்கள். சேம்பரை நிரப்பியபின் செல் படிய இரண்டு நிமிடம் பொறுங்கள். சதுரத்துக்குச் சதுரம் எண்ணிக்கை அதிகம் மாறினால் கழுவி மறுபடி நிரப்புவதே மேல்.

ஹீமோகுளோபினுக்கு 5 மிலி டிராப்கின் கரைசலில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம் விட்டு, ஐந்து நிமிடம் கழித்து 540 நானோமீட்டரில் படியுங்கள். பிப்பெட் நுனியின் வெளிப்பக்கத்தைத் துடைக்காமல் விட்டு ஒரு மைக்ரோலிட்டர் கூடப் போனால் 5 சதவீதத் தப்பு, 12 என்பது 12.6 ஆகும். உங்கள் பிப்பெட்டையும் கையையும் சோதிக்கச் சுலபமான வழி: 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 100 மில்லிகிராம் எடை. பத்து தடவை விட்டு எடை போடுங்கள். பத்தும் ஒரே பக்கம் விலகினால் பிப்பெட், அங்கும் இங்கும் அலைந்தால் கை. வந்த ரிசல்ட்டையும் ஒரு கணக்கில் உரசிப் பாருங்கள்: ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதப் பங்கு) பக்கம் வர வேண்டும். சிவப்பணுவின் அளவும் நிறமும் இயல்பாக இருக்கும் ரத்தத்துக்கு மட்டும் இது பொருந்தும்.

குவாலிட்டி கன்ட்ரோலை மூன்றாம் வருடப் பாடம் என்று தள்ளிவைக்காதீர்கள். உதாரணத்துக்கு, குளுக்கோஸ் கன்ட்ரோலின் (அளவு முன்பே தெரிந்த சோதனை சாம்பிளின்) சராசரி 100, எஸ்டி (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) 3. இன்று 107: சராசரியிலிருந்து 2.3 எஸ்டி மேலே, எச்சரிக்கை மட்டும். நாளை 108: அடுத்தடுத்து இரண்டும் ஒரே பக்கம் 2 எஸ்டி தாண்டிவிட்டன, ரிப்போர்ட்டை நிறுத்த வேண்டும். ஒரே பக்கமாக ஓடினால் ரீஏஜென்ட், கேலிப்ரேஷன், வெப்பநிலை என்று தேடுங்கள். ஒரே ரன்னில் ஒரு கன்ட்ரோல் 2 எஸ்டிக்கு மேலேயும் இன்னொன்று 2 எஸ்டிக்குக் கீழேயும் போனால் குமிழி, பிப்பெட், கரண்ட் ஏற்ற இறக்கம். கன்ட்ரோல் சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டி, நல்லதை மட்டும் சார்ட்டில் குறிப்பது பல லேபில் வழக்கம். அது சோதனையே இல்லை, நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்வது.

மைக்ரோபயாலஜியில் இரண்டு ஸ்டெய்ன்

கிராம் ஸ்டெய்ன்: கிரிஸ்டல் வயலட் 1 நிமிடம், அயோடின் 1 நிமிடம், அசிட்டோன்–ஆல்கஹால் சில விநாடி, சாஃப்ரனின் அரை நிமிடம். தோற்பது பெரும்பாலும் மூன்றாம் படியில்தான்: அதிகம் நிறம் நீக்கினால் ஊதாவாக நிற்க வேண்டிய கிராம் பாசிட்டிவ் கிருமியும் சிவப்பான கிராம் நெகட்டிவ்வாகத் தெரியும். தெரிந்த ஸ்டஃபைலோகாக்கஸ், ஈ. கோலை இரண்டையும் அதே ஸ்லைடின் ஓரங்களில் போட்டால் உங்கள் தப்பு உங்களுக்கே தெரிந்துவிடும்.

டிபி சளிக்கு ஜீல்–நீல்சன்: கார்பால் ஃபுக்சின் ஊற்றி ஆவி வரும்வரை சூடாக்கி 5 நிமிடம், 25 சதவீத சல்ஃப்யூரிக் அமிலத்தில் 2–4 நிமிடம், மெத்திலீன் ப்ளூ 30 விநாடி. கொதிக்க விடாதீர்கள். அமிலம் கலக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்கும். எச்சில் கொண்டுவந்து கொடுத்தால் நெகட்டிவ்தான் வரும். "ஆழமா மூச்சிழுத்து, இருமி, நெஞ்சிலிருந்து எடுங்க" என்று செய்துகாட்டுங்கள். மலையாளத்தில் சளி "கபம்".

உடம்பைக் காப்பது

முதல் வருடமே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளந்து 10 mIU/mLக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள், பலர் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள். உடனே சொல்லுங்கள்: எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டுவார்களே என்று மறைப்பவர்களுக்குத்தான் இந்த 72 மணி நேரம் கைதவறுகிறது.

2016 மருத்துவக் கழிவு விதிப்படி ஊசி வெள்ளைப் பெட்டிக்கு, பிளாஸ்டிக் டியூப் சிவப்புக்கு, கண்ணாடி நீலத்துக்கு, ரத்தம் நனைந்த பஞ்சு மஞ்சளுக்கு. கேரள ஆஸ்பத்திரிகள் பலவற்றின் பைகள் வந்து சேரும் ஐஎம்ஏவின் (இந்திய மருத்துவச் சங்கத்தின்) இமேஜ் கழிவு ஆலை இருப்பது நம்ம பாலக்காட்டில்தான். சிவப்புப் பையில் தவறிப்போன ஊசி அங்கே பிரிப்பவர் கையில் போய்க் குத்தும்.

ரெக்கார்டு, வைவா, இன்டர்ன்ஷிப்

ரெக்கார்டை மாதக் கடைசியில் மொத்தமாகக் காப்பியடிப்பது காலங்காலமாக நடப்பது. அதற்குப் பதில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள்: உங்களுக்கு வந்த எண், அது ஏன் அப்படி வந்தது. வைவாவில் அந்த இரண்டு வரிதான் கைகொடுக்கும். பாடமெல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ் மீடியம் பிள்ளைகள் முதல் செமஸ்டரில் திணறுவார்கள். ஒவ்வொரு பரிசோதனையையும் முதலில் தமிழில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் விளக்கிவிட்டு, பிறகு ஆங்கிலச் சொற்களைப் பொருத்துங்கள். கேரளத்தில் படித்தால் மலையாள எழுத்தையும் முதல் மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளுங்கள், வார்டு போர்டும் நோயாளி சீட்டும் அதில்தான் இருக்கும்.

இன்டர்ன்ஷிப்பில் ரத்த வங்கியை ஒப்புக்கு முடிக்காதீர்கள். ஃபார்வர்டு குரூப்பிங்கோடு (நோயாளியின் செல்லைச் சோதிப்பது) ரிவர்ஸும் (அவர் சீரத்தைச் சோதிப்பது) போடுங்கள். ஓ என்று வந்தவரின் சீரம், ஓ செல்லையே கட்டிக்கொள்ளச் செய்தால் ஆன்டி–எச் போட்டுப் பாருங்கள். 1952இல் பம்பாயில் கண்டறியப்பட்ட பாம்பே வகை அப்படித்தான் பிடிபடும். அவருக்கு சாதாரண ஓ ரத்தம் ஏற்றினால் ஆபத்து.

வாய்ப்பிருந்தால் அட்டப்பாடிப் பக்கம் ஒரு போஸ்டிங் கேளுங்கள். அங்குள்ள பழங்குடிகளிடம் சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் போல் வளையும் பரம்பரை நோய்) இருப்பதால், புத்தகத்தில் ஒரு படமாகப் பார்த்த அரிவாள் செல்லை அங்கே வாரக்கணக்கில் பார்க்கலாம். இருளர் பேச்சும் தமிழுக்குப் பக்கத்தில் இருப்பதால் நோயாளியிடம் பேசுவதும் எளிது. சாலுபிலிட்டி டெஸ்டில் டியூபுக்குப் பின்னால் வைத்த கோடுகள் மறைந்தால் பாசிட்டிவ். ஆனால் அது நோயாளியா, வெறும் ட்ரெய்ட்டா (நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவரா) என்று பிரிக்காது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையிலும் கடும் சோகையிலும் பொய்யாக நெகட்டிவ் காட்டும். உறுதி செய்ய, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி வேண்டும். சிக்கிள் நோயாளிக்குச் சிவப்பணு சீக்கிரம் அழிவதால் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) உண்மையைவிடக் குறைவாக வரும் என்பதையும் ரிப்போர்ட்டில் ஒரு குறிப்பாகச் சேருங்கள். ஸ்மியரில் கரு உள்ள சிவப்பணு இருந்தால் மெஷின் அதையும் வெள்ளணுவோடு சேர்த்து எண்ணியிருக்கலாம். நூறு வெள்ளணுவுக்கு 25 அப்படித் தெரிந்தால், 15,000 என்ற எண்ணை 100ஆல் பெருக்கி 125ஆல் வகுத்து 12,000 என்று திருத்திக் கையெழுத்துப் போடுங்கள்.